முதலில் பார்ப்பவள்

பெரியவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் அவளுக்குத் தெரியாது. சின்னவள் அப்படித்தான் சொல்வாள். வாசல் மணி அடித்து ஓய்ந்து, வந்தவர் போனில் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் திட்டிக்கொண்டே திரும்பிப் போன பிறகும், பெரியவள் சன்னலோர மேஜையில் கண்ணை அரைகுறையாக மூடியபடி, விரல்கள் மட்டும் விசைப்பலகையில் ஓட, ஏதோ ஒரு பாலைவனத்திலோ பனிமலையிலோ இருப்பாள்.

அவள் வேலை அப்படிப்பட்டது. அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர் இருக்கும் வீடு. சின்னவள் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். மாற்றுத்திறனாளிகள் ஊர் சுற்றுவதைப் பற்றித்தான் ஆராய்ச்சி முழுக்க. அவள் கட்டுரையில் மாற்றுத்திறனாளிகள் என்று எழுதுவாள். பெரியவள் "நம்ம ஆளுங்க" என்பாள். குழந்தையில் வந்த காய்ச்சலில் கால் இரண்டும் போய், சக்கர நாற்காலியிலேயே வளர்ந்து, படித்து, நாற்பதைத் தாண்டியவளுக்கு அந்த உரிமை உண்டு. துறையில் எடுக்கும் பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் எழுத்தில் இறக்கிக் கொடுப்பது பெரியவளின் வேலை. தங்கை சிபாரிசில் கிடைத்த வேலை என்று யாராவது சொன்னால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தேர்வு எழுதித்தான் வாங்கினாள்.

இத்தனை வருஷமாகக் கேட்டதில் ஒன்று அவளுக்குப் புரிந்திருந்தது. துணிக்கடை மாதிரி ஆராய்ச்சிக்கும் மோஸ்தர் உண்டு. அவள் சேர்ந்த புதிதில் கேள்வியெல்லாம் படிக்கட்டைப் பற்றியே இருந்தது. எங்கே படி, எங்கே சரிவு இல்லை, எந்தக் கழிப்பறைக் கதவு பாதியில் நின்றுவிட்டது. பிறகு உரிமைக் காலம் வந்தது. பேட்டி எடுக்கிறவர்களின் குரலே வக்கீல் குரலாகிவிட்டது. அதுவும் ஓய்ந்து, இந்த மனிதர்கள் ஊர் சுற்றினால் விடுதிக்காரர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கும் காலம் வந்தது. இப்போது அனுபவம். அந்த இடத்தில் நீங்கள் என்ன உணர்ந்தீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்கிறார்கள்.

"பாவம், ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள உணரணுமாம்," என்பாள் பெரியவள்.

"அரைச்ச மாவையே அரைக்கறோம்னு சொல்ல வர்றியா?" என்பாள் சின்னவள்.

"நான் ஒண்ணும் சொல்லல. மாவு நல்லா நைஸா இருக்கு."

கேள்வி என்னவாக இருந்தாலும், பதில் சொல்கிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் தடம் மாறிவிடுவார்கள். அந்த இடத்துக்காகத்தான் பெரியவள் காத்திருப்பாள். பார்வை இல்லாத ஒருவர், மலையில் கம்பி வண்டியில் தொங்கிக்கொண்டு போனபோது கீழே ஆட்டு மணிகளின் சத்தம் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு மணி மட்டும் விடாமல் கூடவே வந்ததைச் சொன்னார். காது கேளாத ஒரு பெண், பெரிய அருவியின் பக்கத்தில் நின்றபோது சத்தத்தைப் பல்லில் உணர்ந்ததாகச் சைகையில் சொல்ல, கூட இருந்தவர் அதை வாயால் சொன்னார். அப்போதெல்லாம் பேட்டி எடுப்பவர் தொண்டையைக் கனைப்பார். "அடுத்த கேள்விக்கு வருவோமா?" என்பார். பெரியவளுக்கு அந்தத் தொண்டையை நெரிக்கலாம் போல இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்வாள். கேட்டதெல்லாம் அப்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். அருவி வந்து பாலைவனத்தில் விழும். ஆட்டு மணி கடலுக்கு அடியில் கேட்கும். அந்த ஊர்களில் படியும் கிடையாது, சரிவும் கிடையாது. நாற்காலி இருக்கிறதா இல்லையா என்ற நினைப்பே வராது. சும்மா போய்க்கொண்டே இருப்பாள். விழித்ததும் சன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதை அவள் கொஞ்ச நேரம் ஊர் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு தடவை துறையிலிருந்து கண்ணில் மாட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்றைச் சின்னவள் கொண்டுவந்தாள். போகாமலேயே போய் வரலாமாம். இப்போது எல்லாரும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பெரியவள் மாட்டிப் பார்த்தாள். பனிப்பாறை, பனிப்பாறை, மேலும் பனிப்பாறை. குனிந்து தன்னைப் பார்த்தாள். யாருமே இல்லை.

"என்னடி இது, எனக்குக் காலே காணோம். போகட்டும், கால் பழசு. நாற்காலியையும் காணோமே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெட்டி மறுநாளே துறைக்குத் திரும்பிவிட்டது.

இதைக் கேட்டு, பெரியவள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளை ஊர் ஊராகக் கூட்டிப்போக ஆள் இருந்தது. சிக்கலே அந்த ஆள்தான்.

சின்னவளுக்கு ஒரு வழிமுறை உண்டு. அவளுடைய ஆராய்ச்சி வட்டத்தில் அதற்கு நல்ல பெயரும் கூட. எந்த இடமானாலும் முதலில் அவள் தனியாகப் போவாள். கைப்பையிலிருந்து டேப்பை எடுப்பாள். கதவின் அகலம், கட்டிலின் உயரம், சரிவின் சாய்மானம், கழிப்பறைக்குள் நாற்காலி முழுசாகத் திரும்புமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். போனில் படம் எடுப்பாள், வீடியோ எடுப்பாள். திரும்பி வந்து அக்காவிடம் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். இதுதான் அறை, இதுதான் சன்னல், சன்னலைத் திறந்தால் இந்த மலை, மலைக்குப் பின்னால் இப்படித்தான் சூரியன் இறங்கும். அதற்கப்புறம்தான் அக்கா போகலாம். வீட்டில் அவளுக்கு டேப்பு என்றே பெயர்.

அவளையும் குறை சொல்ல முடியாது. பல வருஷத்துக்கு முன்னால் இருவரும் எதையும் விசாரிக்காமல் ஒரு கடற்கரை விடுதிக்குப் போயிருந்தார்கள். நாற்காலி நுழையும் கழிப்பறை அங்கே இல்லை; சுற்று வட்டாரத்திலேயே இல்லை. பெரியவள் யாரிடமும் சொல்லாமல் போனதிலிருந்து திரும்பியது வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். வீடு வந்ததும் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவள் அன்றைக்கு வாங்கியதுதான் அந்த டேப். தெரியாத இடத்துக்கு அக்காவை இனிமேல் கூட்டிப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அன்பில்தான் செய்தாள். ஆனால் அதனால் நடந்தது என்னவென்றால், அதற்கப்புறம் பெரியவள் எந்த இடத்தையும் முதன்முதலாகப் பார்த்ததே இல்லை. அவள் போய்ச் சேருகிறபோது அந்த இடம் ஏற்கெனவே பழசாகியிருக்கும். வளைவு திரும்பினால் அருவி வரும் என்று தெரியும்; வரும். போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். சின்னவள் அப்போது அருவியைப் பார்க்க மாட்டாள். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தங்கையை ஏமாற்றப் பெரியவளுக்கு மனசு வராது. கண்ணை அகல விரித்து, வாயைத் திறந்து, கையைக் கன்னத்தில் வைத்து "அடடா!" என்பாள்.

அந்த அடடாவைச் சின்னவள் படம் எடுத்தாள். கருத்தரங்குகளில் திரையில் போட்டாள். முன்கூட்டியே சரியாகத் திட்டமிட்டால் ஒரு பயணம் இப்படி ஒரு முகத்தைத் தரும் என்று பேசினாள், சபை கைதட்டியது. பெரியவள் அந்தப் படத்தை ஒரு நாள் பார்த்தாள். பல் வலி வந்தவள் மாதிரி இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த போதுதான் மலைமேல் இருக்கும் ஏரிக்கு அளவெடுக்கப் போன சின்னவள், நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாகத் தும்மினாள்.

"கதவு சரி, கழிப்பறை ரொம்பச் சரி, வியூ பாயிண்ட் வரைக்கும் சரிவு போட்டிருக்கான், பளிங்கு மாதிரி," என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏரி?"

"எங்கே பார்த்தேன்? போனதிலிருந்து பனி. கையை நீட்டினா கை தெரியல. அங்கே அப்படித்தானாம். சில நாள் விலகும், சில நாள் விலகாதாம்."

"படம்?"

"எடுத்தேன். ஒண்ணும் விழல."

பெரியவள் போனை வாங்கிப் பார்த்தாள். எல்லாப் படமும் வெள்ளை. விரலால் தள்ளத் தள்ள வெள்ளைக்குப் பின் வெள்ளை. ஒன்றின் மூலையில் மட்டும் ஏதோ கறுப்பாக, மரமோ பாறையோ, இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும். தங்கை கொண்டுவந்த எந்தப் படத்தையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தேநீர் ஆறி ஏடு படிந்துவிட்டது. டேப்பு போய்ப் பார்க்க முடியாமல் திரும்பிய ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது. அந்த நினைப்பிலேயே அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

"இங்கே போகணும்," என்றாள்.

"போகலாமே. நான் இன்னொரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன், அப்புறம்..."

"நீ போகாதே."

சின்னவள் துண்டை இறக்கினாள்.

"உன் அளவெல்லாம் ஆயிடுச்சில்ல? தண்ணி குடிக்கலாம், பாத்ரூம் போகலாம், கதவு திறக்கும். ஏரியை மட்டும் விட்டுடு. அதை நான்தான் முதல்ல பார்க்கணும்."

"பார்க்காம எப்படிக் கூட்டிட்டுப் போறது? அங்கே போய் நாள் பூரா பனியில உக்காந்துட்டுத் திரும்பி வரணுமா? பார்க்கத் தகுந்த இடமானு எனக்கே தெரியாதே."

"தெரியாமத்தான் இருக்கட்டும்."

"முடியாதுக்கா."

பேச்சு வளர்ந்தது. சின்னவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"நீ ஒத்தைக்கால்ல நிக்கறே. எனக்கு அதுக்கும் வழியில்ல, நான் உக்காந்தே அடம்பிடிக்கறேன்," என்றாள் பெரியவள்.

சின்னவள் சிரிக்கவில்லை. "நான் பார்த்துட்டு வந்த இடத்துக்குப் போறதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? ஒவ்வொரு தரமும் எப்படிச் சந்தோஷப்பட்டே? எங்கிட்டே படம் இருக்கு."

அப்போது பெரியவளுக்கு வாய் நிற்கவில்லை.

"அந்த முகமெல்லாம் பொய்டி."

சின்னவள் துண்டைச் சுருட்டிப் பிடித்தாள்.

"நடிப்பு. நீ என் மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கறே, நான் வேற என்ன பண்றது?"

"எல்லாமா?" என்றாள் சின்னவள்.

"எல்லாம்."

"அந்த அருவி?"

"அருவியை நீ வீடியோவுல சத்தத்தோட காட்டிட்டேடி. அங்கே போய் நனைஞ்சதுதான் மிச்சம்."

"அஞ்சுக்கு அஞ்சு போட்டியே?"

"உனக்குப் போட்டேன். அருவிக்கா போட்டேன்?"

சின்னவள் எதிரிலிருந்த மர நாற்காலியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது தெரிந்தது. இத்தனை வருஷ உழைப்பின் நடுத்தூணை அக்கா ஒரே பேச்சில் உருவிவிட்டாள். பெரியவளுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப விழுங்க அவளுக்கு ஆசையில்லை. பூசி மெழுகிப் பூசி மெழுகி அவளுக்கும் அலுத்துவிட்டது.

ஒரு வாரம் வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் பேச்சில்லை. பெரியவள் குரல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். யாரோ ஒருவர் குதிரைமேல் ஏறியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்; கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் படங்களே வந்தன. அந்த வெள்ளைக்குள் அவள் குதிரையில் போனாள். குளம்புச் சத்தம் ஈரத்தில் அமுங்கிக் கேட்டது. தண்ணீர் எங்கேயோ பக்கத்தில்தான் இருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றினால், சின்னவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"படத்தைத் தூக்கிட்டேன்," என்றாள். கருத்தரங்குப் படத்தைச் சொல்கிறாள். "கட்டுரையையும் மறுபடி எழுதணும். அது என் தலைவலி, விடு. ஏரிக்குப் போகலாம். நான் முன்னாடி போகல."

"வழியில எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்லல."

"என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது."

"அது கஷ்டம்," என்றாள் சின்னவள். "முயற்சி பண்றேன்."

மலையேற வாடகை வண்டி பேசினார்கள். பாதி மலையில் பனி தொடங்கியது. முதலில் மரங்களின் உச்சி போயிற்று, பிறகு மரங்கள் போயின, பிறகு சாலையே போய், வண்டிக்காரர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை நகர்ந்துகொண்டிருந்ததா, வண்டி நகர்ந்துகொண்டிருந்ததா என்று சொல்ல முடியவில்லை. பெரியவளுக்கு மதியத் தூக்கத்துக்குள் விழித்துக்கொண்டே நுழைவது போல் இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்தால் இரண்டு மஞ்சள் வெளிச்சம் மட்டும் மிதந்து வந்து, கடந்து, கரைந்தது. சின்னவள் வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. கைதான் தன்னையறியாமல் பைக்குள் போய் டேப்பைத் தொட்டுத் தொட்டு வந்தது.

"இன்னிக்கு விலகுமா?" என்று பெரியவள் வண்டிக்காரரைக் கேட்டாள்.

"அதுக்கு மனசு இருந்தா விலகும்மா. போன வாரம் ஒருத்தர் மூணு நாள் காத்திருந்துட்டுக் கோவிச்சுட்டுப் போனாரு. அவரு வண்டி வளைவு திரும்பினதும் பளிச்சுனு விலகிடுச்சு."

வியூ பாயிண்ட் வரைக்கும் சரிவு, சின்னவள் சொன்ன மாதிரி, பளிங்குதான். நாற்காலி சறுக்கிக்கொண்டு போயிற்று. சிமெண்டுத் தளத்தில் பத்துப் பதினைந்து பேர் போர்வையும் குல்லாவுமாக நின்றிருந்தார்கள். பனிக்குள் அவர்கள் பாதி ஆட்களாகத் தெரிந்தார்கள். தோள் இருந்தால் கால் இல்லை. தளத்தின் ஓரத்தில், சின்னவள் நாற்காலியை நிறுத்திப் பிரேக்கைப் போட்டாள். முன்னால் வெள்ளை. வேறொன்றும் இல்லை.

காத்திருந்தார்கள். குளிர் விரல் நுனியில் ஏறியது. யாரோ இருமினார்கள், யாரோ மெல்லச் சிரித்தார்கள். பெரியவளுக்கு அந்த இருமலும் சிரிப்பும் தான் ஹெட்போனில் கேட்ட குரல்களின் இருமலும் சிரிப்புமாக இருந்தன. ஆட்டு மணிக்காரர் இங்கேதான் எங்கோ நிற்கிறார். அருவியைப் பல்லில் கேட்டவள் அந்தக் குல்லாவுக்குப் பின்னால் இருக்கிறாள். நம்ம ஆட்கள் எல்லாரும் பனிக்குள் வந்து, கேள்வி கேட்க ஆளில்லாமல் நிம்மதியாக நிற்கிறார்கள். இது விலகாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அப்படி இல்லை என்றும் தெரிந்தது. அவளுக்கு வேண்டும். ஒரே ஒரு இடத்தை, யாரும் மென்று ஊட்டாமல், தன் கண்ணாலேயே முதலில் பார்க்க வேண்டும்.

காற்று திரும்பியது. வெள்ளையில் வெளிச்சம் ஏறியது. பிறகு நின்றுகொண்டிருந்த அத்தனை பேரிடமிருந்தும் ஒரே மூச்சில் "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. சின்னவளிடமிருந்தும் வந்தது.

பெரியவள் பார்த்தாள். சுவர் தெரிந்தது.

தளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கைப்பிடிச் சுவர். நிற்கிறவர்களுக்கு அது மார்பு வரை. அவளுக்கு நெற்றிக்கு நேரே. பனி இருந்தவரை அதுவும் வெள்ளையோடு வெள்ளையாக இருந்தது. இப்போது பாசி படிந்து, ஈரம் வழிந்து, யாரோ ஆணியால் கீறிய கோணல் எழுத்துகளோடு, நாலைந்து அடி தூரத்தில் நின்றது. கழுத்தை நீட்டினாள். சுவருக்கு மேலே ஒரு கீற்று வானம், அவ்வளவுதான்.

"அக்கா! அதோ பாரு, அந்தக் கரையில..." என்று சின்னவள் கையை நீட்டினாள்.

"சொல்லாதே!"

அந்தக் கத்தலில் எல்லாரும் திரும்பினார்கள். சின்னவளும் திரும்பினாள். அக்காவின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். சட்டென்று குனிந்து, தன் தலையை அக்காவின் தலைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த உயரத்திலிருந்து பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவள் மூச்சு நின்றுபோனது பெரியவளின் கன்னத்தில் தெரிந்தது.

"எல்லாத்தையும் அளந்தேன்," என்றாள் சின்னவள். "உக்காந்து பார்க்கவே இல்ல. பனியா இருந்துச்சு, இந்தச் சுவரை... ஐயோ, நின்னுட்டே அளந்திருக்கேன்கா. எல்லா ஊரையும் நின்னுட்டேதான் அளந்திருக்கேன்."

அழுதுவிடுவாள் போல இருந்தது. குல்லா போட்ட ஒருவர் முன்னால் வந்தார். வண்டிக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாங்க ரெண்டு பேரு நாற்காலியோட தூக்கிக் காட்டறோம்மா. சீக்கிரம். அந்தப் பக்கம் பாருங்க, மறுபடி மூட வருது."

உண்மைதான். தளத்தின் இடப்பக்கத்தில் பனி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. தூக்கினால் பார்க்கலாம். இரண்டு ஆண்கள் மூச்சு வாங்க, நாற்காலி ஆட, பார்த்தாச்சா பார்த்தாச்சா என்று கேட்க, பார்க்கலாம். அப்படித் தூக்கிக் காட்டியதை எத்தனையோ பேர் சொல்லி அவள் தட்டச்சு செய்திருக்கிறாள். ஒருத்தர்கூட அப்போது என்ன பார்த்தோம் என்று சொன்னதில்லை. விழுந்துவிடக் கூடாதே என்று இருந்ததைத்தான் சொன்னார்கள்.

"வேண்டாம்," என்றாள்.

சுவர் முடிந்து பாறை தொடங்கும் மூலையில், மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காகத் தரையோடு தரையாக ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். முழங்கால் உயரம் இருக்கும். குறுக்கே இரும்புக் கம்பிகள். நிற்கிற எவர் கண்ணிலும் அது படாது. பெரியவள் கால்தாங்கியை மடக்கினாள்; கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை மெதுவாகத் தரைக்கு இறக்கினாள்.

"அக்கா, என்ன பண்றே? தரையெல்லாம் ஈரம். எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். ஏரியைப் பார்த்தாச்சில்ல, என்னையும் பார்த்துட்டுப் போகட்டும்."

வீட்டுக்குள் அவள் அப்படித்தான் நகர்வாள், கையை ஊன்றி, இடுப்பை இழுத்து. பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு வெளியே நாலு பேர் முன்னால் ஒரு நாளும் செய்ததில்லை. சிமெண்டின் குளிர் துணியைத் தாண்டி எலும்புக்கு ஏறியது. உள்ளங்கையில் மணல் குத்தியது. கூட்டம் காலைக் காலை விலக்கி வழிவிட்டது. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வருவதற்குள் மூலைக்கு வந்துவிட்டாள். தரையில் ஒருக்களித்துப் படுத்து, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தாள்.

தூரத்தில் ஏரி ஒரு துண்டாகத் தெரிந்தது, சாம்பல் நிறத்தில், அசையாமல். அது எல்லாருக்கும் தெரிந்த ஏரி. அவள் கண் அங்கே நிற்கவில்லை. தளத்துக்கு நேர் கீழே, எட்டிக் குதித்தால் காலில் படும் ஆழத்தில், பாறை ஒரு முற்றம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவர்மேல் கையை ஊன்றித் தொலைவைப் பார்க்கிற எவருக்கும் அது தெரிய வழியில்லை. பாறைக்கு அடியிலிருந்து நூலாகத் தண்ணீர் கசிந்து வந்து அந்த முற்றத்தில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதில் கட்டைவிரல் பருமனுள்ள பச்சைக் குருவிகள், ஒரு கூட்டமே, குளித்துக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே இத்தனை மனிதர்கள் நிற்பது அவற்றுக்குத் தெரியாது. சிறகைச் சிலிர்த்தால் தண்ணீர் பொடிப்பொடியாக எழுந்து, அதில் வெளிச்சம் பட்டு அணைந்தது. ஒன்று குளித்து முடித்துக் கரையில் உட்கார, இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிட்டது. குட்டையின் அடியில் மேகம் போய்க்கொண்டிருந்தது.

பெரியவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கின் மேல் வழிந்து அடுத்த கண்ணுக்குள் போயிற்று. துடைக்கவில்லை. இது இருக்கிறது என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. யாருக்குமே தெரியாது. இந்த மலைமேல் இந்த நேரத்தில் இதைப் பார்ப்பது அவள் ஒருத்திதான். சந்தோஷம் என்றால் இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பின்னால் துணி உரசும் சத்தம் கேட்டது. சின்னவள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நல்ல உடுப்போடு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா தெரியுது?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை அவள் அக்காவிடம் கேட்டதில்லை.

"இரு. நான் இன்னும் பார்த்து முடிக்கல."

சின்னவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமாகப் போகிற இடத்தில் எல்லாரையும் முந்துகிறவள், வரிசையில் நிற்கும் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கத்துப் பனி தளத்தின் பாதிக்கு வந்தது. நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒவ்வொருவராகக் கலையத் தொடங்கினார்கள். ஏரித் துண்டு போயிற்று. குட்டையின் ஒரு ஓரம் போயிற்று. கடைசிக் குருவி வெள்ளைக்குள் சிறகடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, அதுவும் நின்றது.

அப்போதுதான் பெரியவள் முகத்தை எடுத்தாள். சின்னவள் அவசரமாகப் படுத்து, கம்பிகளுக்கு நடுவே பார்த்தாள். வெறும் வெள்ளை. நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் கம்பியின் துரு ஒட்டியிருந்தது.

"என்ன இருந்துச்சுக்கா?"

பெரியவள் சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தங்கையின் முகம் அவ்வளவு ஏக்கமாக இருந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு, தங்கையின் கன்னத்துத் துருவைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள்.

"அது என்னோடதுடி," என்றாள்.